துர்ரோ மலைச் சிற்றாலயம்: போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

போன செப்டம்பரில், ஸ்பெயினின் பிரனீஸ் மலையில், தப்பான சிற்றாலயத்தின் வாசலில் நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். கல் சுவர், அரைவட்டப் பின்பக்கம், சுற்றிலும் புல்வெளி, ஆள் அரவம் இல்லை. பெயரும் சரியாகத்தான் இருந்தது: சாந்த் கிர்க், அதாவது புனித கிர்க். ஆனால் அது தாவுல் ஊரின் சாந்த் கிர்க். நான் பார்க்க வந்தது துர்ரோ ஊரின் சாந்த் கிர்க்கை. நடுவில் ஒரு மலை, கையில் கார் இல்லை, கடைசிப் பேருந்துக்கு இரண்டு மணி நேரம்.

விசா, பேருந்து, சாவி, பெயர்க் குழப்பம் என்று நான் இடறாத இடமே இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். இந்தியக் கடவுச்சீட்டோடு தமிழ்நாட்டிலிருந்து கிளம்புகிறவர்களை மனதில் வைத்து எழுதியது. ஷெங்கன் நாடுகளிலேயே (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகள், ஸ்பெயினும் அதில் ஒன்று) வசிப்பவர்கள் மூன்றாம் பகுதியைத் தாண்டிவிடலாம்.

1. எந்த சாந்த் கிர்க் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

ஸ்பெயினின் வடகிழக்கில் உள்ள கத்தலூனியாவின் வல் தெ போயி பள்ளத்தாக்கில் ஒன்பது ரோமனெஸ்க் (ஐரோப்பாவின் இடைக்காலக் கட்டடப் பாணி) தேவாலயங்கள் 2000ஆம் ஆண்டு யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. எட்டு, ஊருக்குள் இருக்கும் கோயில்கள். ஒன்பதாவது மட்டும் ஊரை விட்டு விலகி, சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் தனியாக நிற்கும் சிற்றாலயம். அதுதான் துர்ரோவின் சாந்த் கிர்க்.

மேப்பில் வெறும் 'சாந்த் கிர்க்' என்று தேடினால் மாட்டிக்கொள்வீர்கள். இதே பள்ளத்தாக்கில் தாவுலுக்கு மேலே இன்னொன்று இருக்கிறது. அதுவும் பழையதுதான், அழகுதான், ஆனால் பட்டியலில் இல்லை. பார்சிலோனாவுக்குப் பக்கத்தில் அதே புனிதரின் பெயரில் ஓர் ஊரே இருக்கிறது. அறை பதிவு செய்யும் தளம் என்னை முதலில் அங்கேதான் அனுப்பப் பார்த்தது. எப்போது தேடினாலும் 'துர்ரோ' என்ற சொல்லைச் சேர்த்துத் தேடுங்கள். அந்த இடத்தை மேப்பில் குறித்து, இணையம் இல்லாமலும் திறக்கும்படி இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். மலை வளைவுகளில் சிக்னல் போய்ப் போய் வரும்.

2. மாதத்தைப் பிடியுங்கள், அப்புறம் கிழமையை

மே கடைசியிலிருந்து ஜூன் வரை, அல்லது செப்டம்பரிலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரை போங்கள். டிசம்பர் முதல் மார்ச் வரை பனி. மேலே பனிச்சறுக்கு மையம் இருப்பதால் அந்த மாதங்களில் அறை வாடகையும் ஏறிவிடும். துர்ரோவுக்கு ஏறும் வளைவுப் பாதையில் டயர்ச் சங்கிலி மாட்டி ஓட்டிப் பழகாதவர்கள் பனிக்காலத்தில் அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

ஜூன் நடுவிலிருந்து ஜூலை வரை இங்கே தீப்பந்த விழாக் காலம். ஊர்க்காரர்கள் இரவில் எரியும் கட்டைகளைத் தோளில் சுமந்து மலையிலிருந்து இறங்குவார்கள். பிரனீஸ் மலையின் இந்தத் தீ விழாக்கள் 2015இல் யுனெஸ்கோவின் இன்னொரு பட்டியலிலும் சேர்ந்தன. அதைப் பார்க்க வேண்டுமென்றால் அறையை மாதக்கணக்கில் முன்னதாகப் பிடிக்க வேண்டும். கட்டடத்தைத்தான் பார்க்க வேண்டும் என்றால் விழா நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். இரண்டையும் ஒரே நாளில் முடிக்கலாம் என்று நினைத்தால் இரண்டும் கெட்டுப்போகும்.

அடுத்தது கிழமை. பார்சிலோனாவின் கத்தலூனியத் தேசியக் கலை அருங்காட்சியகம் திங்கட்கிழமை மூடியிருக்கும். இந்தப் பயணத்தில் பாதி அந்த அருங்காட்சியகம்தான். காரணத்தை நாலாவது பகுதியில் சொல்கிறேன். பார்சிலோனாவில் தங்கும் நாள் திங்கட்கிழமையில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

3. விசா: காகிதமும் கணக்கும்

ஷெங்கன் விசாவுக்கு, பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்னதாகவாவது கொடுத்துவிட வேண்டும். முடிவு 15 நாளில் வரும் என்பது விதி. கூடுதலாகப் பார்க்க வேண்டியிருந்தால் 45 நாள் வரை போகலாம். ஆனால் உண்மையான தாமதம் இதில் எதிலுமே இல்லை. விண்ணப்ப மையத்தில் நேரம் கிடைப்பதில்தான் இருக்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் ஊரே ஐரோப்பாவுக்குக் கிளம்பும். நான்கு மாதம் முன்பே நேரத்தைப் பிடித்துவிடுங்கள்.

கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயதுக் குழந்தைகளுக்கு 45 யூரோ, அதற்குக் கீழே இல்லை. இதை ரூபாயில் கட்ட வேண்டும், மையத்தின் சேவைக் கட்டணம் தனி. விசா மறுக்கப்பட்டால் ஒரு பைசா திரும்ப வராது.

கடவுச்சீட்டு பத்து வருடத்துக்குள் வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும். நீங்கள் ஐரோப்பாவை விட்டுக் கிளம்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் செல்ல வேண்டும், இரண்டு வெற்றுப் பக்கமாவது மிச்சம் இருக்க வேண்டும். பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு, ஷெங்கன் நாடுகள் அனைத்துக்கும், ஊர் திரும்பும் நாள் வரை. வங்கிக் கணக்கு அறிக்கையில் வங்கியின் முத்திரை வேண்டும். இணையத்திலிருந்து அச்செடுத்ததை மட்டும் கொண்டுபோய் நிற்காதீர்கள். வருமான வரித் தாக்கல், அலுவலக விடுப்புக் கடிதம், விமான முன்பதிவு இதெல்லாம் வழக்கமானவை. கிளம்பும் முந்தின நாள் மையத்தின் பட்டியலை இன்னொரு முறை பாருங்கள். அது அவ்வப்போது மாறும்.

இந்தப் பயணத்துக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு: தங்குமிடக் காகிதம். மலையூர்களில் பெரும்பாலும் சின்ன வீட்டு விடுதிகள்தான். எனக்கு அறை கொடுத்த அம்மா வாட்ஸாப்பில் 'சரி, வாங்க' என்ற அளவில் ஒரு வரி அனுப்பினார். அவருக்கு அது போதும், எனக்கும் போதும். கவுன்டரில் இருந்தவருக்குப் போதவில்லை. முழு முகவரி, தேதி, தங்குகிறவர் எல்லாருடைய பெயர், இவை கடவுச்சீட்டில் உள்ள எழுத்துகளிலேயே இருக்கும் உறுதிப்படுத்தல் வேண்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒரு வாரம் போயிற்று. முன்பதிவுத் தளம் வழியாக, இலவசமாக ரத்து செய்யக்கூடிய அறையை எடுத்துவிட்டால் இந்தத் தலைவலி இல்லை.

அடுத்த கண்ணி: பாரிஸில் இறங்கி நாலு நாள் சுற்றிவிட்டு ஸ்பெயினில் மூன்று நாள் என்று திட்டம் போட்டால் நீங்கள் விண்ணப்பிக்க வேண்டியது பிரான்சுக்கு. எந்த நாட்டில் அதிக நாளோ அந்த நாட்டுக்குத்தான் விண்ணப்பம். நாட்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு.

பயணக் காரணக் கடிதத்தில் 'சுற்றுலா' என்று மட்டும் எழுதாதீர்கள். யாருக்கும் தெரியாத ஒரு மலையூரில் எதற்கு இரண்டு இரவு என்ற கேள்வி வரத்தான் செய்யும். யுனெஸ்கோ பட்டியலில் உள்ள தேவாலயங்களைப் பார்க்க என்று ஊர்ப் பெயர்களோடும் நாள் வரிசையோடும் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். இரண்டாம் முறை யாரும் எதுவும் கேட்கவில்லை.

4. மலைக்கு முன்னால் அருங்காட்சியகம்

வரலாறு சொல்ல உட்காரவில்லை, ஆனால் இந்த ஒரு விஷயம் தெரியாமல் போனால் ஏமாந்துவிடுவீர்கள். இந்தப் பள்ளத்தாக்குக் கோயில்களின் சுவரோவியங்கள் பெரும்பாலும் இப்போது அங்கே இல்லை. பக்கத்து வட்டாரத்தில் மூர் என்ற இடத்தின் ஓவியங்கள் விலைபோய், அமெரிக்காவின் பாஸ்டன் அருங்காட்சியகத்தில் போய்ச் சேர்ந்தன. மிச்சத்தைக் காப்பாற்ற, 1919 முதல் 1923 வரை இத்தாலியத் தொழிலாளர்கள் வந்து, சுவரில் துணியைப் பசை போட்டு ஒட்டி, வண்ணப்படலத்தை அப்படியே உரித்து, சுருட்டி, பார்சிலோனாவுக்குக் கொண்டுபோனார்கள். மரத்தில் செய்த பொருட்கள் பலவும் அருங்காட்சியகங்களுக்குப் போய்விட்டன.

சாந்த் கிர்க்கின் பலிபீட முகப்புப் பலகையும் (பலிபீடத்தின் முன்பக்கத்தை மூடும் ஓவியப் பலகை) பார்சிலோனா அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டின் நடுவில் வரைந்தது. அகலம் ஒரு மீட்டருக்குச் சற்றே கூடுதல். நடுவில் தாய் ஜூலிட்டா, மடியில் குழந்தை கிர்க். சுற்றிலும் நாலு கட்டங்களில் சித்திரவதைகள்: ரம்பத்தால் அறுக்கிறார்கள், கொப்பரையில் போட்டு வேகவைக்கிறார்கள், வாளால் குத்துகிறார்கள், தலையில் ஆணி அடிக்கிறார்கள். அறுக்கிறவர்கள் இரண்டு பக்கமும் நின்று, மரம் அறுப்பது போல மும்முரமாக அறுக்கிறார்கள். அறுபடுகிற முகத்தில் மட்டும் ஒன்றுமே இல்லை; பேருந்துக்குக் காத்திருக்கும் ஆளின் முகம். அதன் முன்னால் கால் மணி நேரம் நின்றேன், இன்னும் நின்றிருக்கலாம்.

நான் போனபோது அனுமதிச் சீட்டு 12 யூரோ. அதை ஒரு மாதத்துக்குள் ஏதாவது இரண்டு நாள் பயன்படுத்தலாம் என்பது பலருக்குத் தெரியாது. மலைக்குப் போகுமுன் ஒருமுறை, திரும்பி வந்ததும் ஒருமுறை என்று அதே சீட்டில் இரண்டு தடவை பாருங்கள். சனிக்கிழமை மதியம் 3 மணிக்கு மேலும், மாதத்தின் முதல் ஞாயிறும் இலவசம்; கூட்டமும் அதற்கேற்ப இருக்கும். உள்ளே நுழைந்ததும் மாடிக்கெல்லாம் போகாமல் நேராக ரோமனெஸ்க் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

5. பேருந்தா, காரா

பார்சிலோனாவின் நோர்ட் பேருந்து நிலையத்திலிருந்து வியேலா போகும் வண்டி எல் போன்ட் தெ சுவெர்ட் என்ற சின்ன ஊரில் நிற்கும். நாலு, நாலரை மணி நேரம். அதிவேக ரயிலில் யெய்தாவுக்கு ஒரு மணி நேரத்தில் போய் அங்கிருந்து பேருந்து பிடிப்பதும் உண்டு. அதுவரை ஒரு பிரச்சினையும் இல்லை. பள்ளத்தாக்குக்குள் நுழைந்த பிறகுதான் திண்டாட்டம். உள்ளூர் வண்டிகள் மிகக் குறைவு, வார இறுதியில் இன்னும் குறைவு. துர்ரோ பிரதான சாலையில் இல்லாமல் மேலே ஏறி உட்கார்ந்திருக்கும் ஊர். பேருந்தில் வருகிறவர்கள் வாடகைக் காரை முந்தின நாளே பேசி வைத்துவிடுங்கள். எல் போன்ட் தெ சுவெர்ட்டில் இறங்கிக் கையைக் காட்டினால் ஆட்டோ வந்து நிற்காது.

இரண்டு பேருக்கு மேல் போனால் கார்தான் லாபம். பார்சிலோனாவிலிருந்து 270 கிலோமீட்டர் சொச்சம். யெய்தா வரை நெடுஞ்சாலை, அப்புறம் என்-230 சாலை, எல் போன்ட் தெ சுவெர்ட்டைத் தாண்டியதும் எல்-500. பர்ருவேரா வந்ததும் துர்ரோவுக்கு வலது பக்கம் ஏற்றம். எல் போன்ட் தெ சுவெர்ட்டிலேயே பெட்ரோல் நிரப்பிக்கொள்ளுங்கள்.

நம் உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் படிவம் 4ஏ, கட்டணம் 1,000 ரூபாய், ஒரு வருடம் செல்லும். சில அலுவலகங்களில் விசா நகல் கேட்கிறார்கள், ஆகவே விசா வந்த கையோடு போய்விடுங்கள். கார் எடுக்கும் இடத்தில் முன்பணத்தை ஓட்டுகிறவர் பெயரிலுள்ள கிரெடிட் கார்டில்தான் பிடிப்பார்கள். டெபிட் கார்டை நீட்டிய என்னிடம், அதற்குப் பதிலாக ஒரு நாள் வாடகையைவிட விலை கூடிய காப்பீட்டை எடுக்கச் சொன்னார்கள். எடுக்காமல் பேருந்து ஏறினேன். கார் இல்லாமல் தப்பான சிற்றாலயத்தின் முன்னால் உட்கார நேர்ந்த கதை அங்கேதான் தொடங்கியது.

6. எரிலில் கேளுங்கள், துர்ரோவில் தங்குங்கள்

எரில் லா வல் ஊரில் இந்தக் கோயில்களுக்கென்றே ரோமனெஸ்க் மையம் ஒன்று இருக்கிறது. எது எப்போது திறந்திருக்கும், எங்கே நுழைவுச் சீட்டு, எதற்குச் சேர்த்து வாங்கினால் மலிவு என்பதெல்லாம் அங்கே கிடைக்கும். தாவுலின் சாந்த் கிளிமென்ட்டுக்குத்தான் கட்டணம் அதிகம், மற்றவை சில்லறைக் காசு. பல கோயில்கள் மதியம் 2 மணிக்குச் சாத்தினால் 4 மணிக்குத்தான் திறக்கும். பருவத்துக்குப் பருவம் நேரம் மாறும்.

சாந்த் கிர்க் விஷயத்தில் இது இன்னும் முக்கியம். காட்டில் தனியாக நிற்கிற கட்டடம், எப்போதும் திறந்து போட்டிருக்க மாட்டார்கள். உள்ளே பார்க்க முடியுமா, என்றைக்கு என்று முன்பே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். நான் கேட்கவில்லை. முதல் நாள் தப்பான இடத்தில் போயிற்று, மறுநாள் சரியான இடத்துக்குப் போனேன், கதவு பூட்டியிருந்தது. மூன்றாம் நாள் காலையில் எனக்குப் பேருந்து.

ஆகவே துர்ரோவிலோ பர்ருவேராவிலோ இரண்டு இரவு தங்குங்கள். நான் கொடுத்தது இரவுக்கு 70 யூரோ, காலை உணவோடு. இரவுச் சாப்பாடு எட்டு மணிக்கு முன் எங்கேயும் கிடைக்காது. மதியச் சாப்பாட்டை மூன்றரைக்குள் முடித்துவிடுங்கள். சைவக்காரர்களுக்குத் தக்காளி தேய்த்த ரொட்டியும், சுட்ட கத்தரிக்காய் குடைமிளகாயும் கைகொடுக்கும். ஞாயிற்றுக்கிழமை கடை இருக்காது என்றே வைத்துக்கொண்டு ரொட்டி, பழம் வாங்கி வையுங்கள்.

7. வாசலில் நின்றதும் பார்க்க வேண்டியவை

துர்ரோவிலிருந்து அரை மணி நடை. நல்ல காலணி, தண்ணீர், வெயில் காலத்திலும் ஒரு ஸ்வெட்டர். காலையில் போங்கள். இந்தக் கோயில்களின் கருவறை முனை கிழக்கே பார்த்திருக்கும், காலை வெயில் அந்த அரைவட்டச் சுவரில் நேராக விழும். பதினொரு மணிக்கு மேல் போனால் அதே சுவர் படத்தில் தட்டையாகத் தெரியும்.

வேகமாகச் சுற்றினால் பத்தே நிமிடத்தில் பார்த்து முடித்துவிடலாம். ஒரே ஒரு நீள அறை, கிழக்கு முனையில் அரைவட்டம், மேலே ஒரு சின்ன மணிச்சுவர், அவ்வளவுதான். நம் ஊரில் தூங்கானை மாடம் என்று சொல்வோமே, யானை படுத்திருக்கிற மாதிரிப் பின்பக்கம் வளைந்த கோயில், தரைப்படம் கிட்டத்தட்ட அதுதான். கோபுரம் கட்ட வசதி இல்லாத இடத்தில் சுவரையே மேலே நீட்டி, துளை விட்டு, மணியைத் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

நான் இரண்டு மணி நேரம் நின்றதற்குக் காரணம் சுவர். பூட்டியிருந்ததால் நான் உள்ளே பார்க்கவில்லை, ஆனால் உள்ளே கூரை பீப்பாயை நெடுக்காகப் பிளந்து கவிழ்த்த மாதிரிக் கல் வளைவு. அப்படிப்பட்ட கூரை கீழே மட்டும் அழுத்தாது, இரண்டு பக்கச் சுவரையும் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். அதைத் தாங்கத்தான் சுவர் அவ்வளவு தடிப்பு. சுவரில் ஓட்டை போட்டால் பலம் குறையும், அதனால்தான் ஜன்னல் அவ்வளவு சின்னது. வெளியே விரலளவு பிளவாகத் தெரிவது, சுவரின் தடிப்புக்குள் விரிந்துகொண்டே போய் உள்ளே அகலமாகத் திறக்கும். குளிரையும் உள்ளே விடாது, கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் சிதறவிட்டுப் பெரிதாக்கும். இந்த ஒரு கணக்கு பிடிபட்டால் பள்ளத்தாக்கின் மற்ற கோயில்கள் தானாகப் புரியும். அகலமான கோயில்களில் ஏன் மரக்கூரை என்ற கேள்விக்கும் இங்கேயே பதில் இருக்கிறது.

கற்களைக் கிட்டப்போய்ப் பாருங்கள். சுவர்க் கற்கள் சுத்தியலால் தட்டி ஒழுங்குபடுத்தியவை, ஒன்றுபோல் ஒன்று இருக்காது. தொடலாம், சுரண்டக் கூடாது. சுவர் மேல் ஏறி உட்கார்ந்து படம் எடுக்கிறவர்களைப் பார்த்தேன், வேண்டாம்.

8. மீதி நேரத்துக்கு எவை

ஒன்பதையும் ஒரே நாளில் ஓடி ஓடிப் பார்ப்பது வீண். சாந்த் கிர்க்கோடு இரண்டு போதும். ஒன்று எரிலின் சாந்தா எவுலாலியா: ஆறு மாடி மணிக்கோபுரம். இன்னொன்று தாவுலின் சாந்த் கிளிமென்ட்: 1123 டிசம்பர் 10ஆம் தேதி வழிபாட்டுக்காகப் புனிதப்படுத்தப்பட்டது, அந்தத் தேதியைத் தூணில் எழுதியே வைத்தார்கள். கோபுரத்தில் ஏறலாம், மரப்படி செங்குத்து. உள்ளே, ஓவியம் இருந்த அரைவட்டச் சுவரிலேயே ஒளியைப் பாய்ச்சி, 12ஆம் நூற்றாண்டில் எப்படி இருந்திருக்கும் என்று காட்டுகிறார்கள். சுமார் பத்து நிமிடம், குறிப்பிட்ட நேரங்களில் மட்டும். சீட்டு வாங்கும்போதே அடுத்த காட்சி எப்போது என்று கேட்டுவிடுங்கள். ஒளி அணைந்ததும் வெறும் சுவர் தெரியும். அங்கங்கே ஒட்டியிருக்கும் நிறத்துண்டுகள், உரித்தபோது வராமல் தங்கிவிட்டவை.

பார்சிலோனா திரும்பியதும் அந்தச் சீட்டின் இரண்டாம் நாளைப் பயன்படுத்துங்கள். தொலைக்காமல் கடவுச்சீட்டு உறைக்குள்ளேயே வைத்திருங்கள், நான் பேருந்தில் புத்தகத்துக்கு அடையாளமாகச் சொருகி வைத்து மறந்தே போய்விட்டேன். இன்னொரு 12 யூரோ கட்டி உள்ளே போனேன். ரம்பம் பிடித்த இரண்டு பேரும் இன்னும் அறுத்துக்கொண்டுதான் இருந்தார்கள்.